எட்டு மேடுகள்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

பதினாறு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். எனக்குப் பேசத் தடை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது, போன் கூடாது, கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல் என்று தொண்டை டாக்டர் சொல்லிவிட்டார். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு திரிகிறேன். சோப்பு வேண்டும் என்று எழுதிக் காட்டினால் கடைக்காரன் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்துகிறான்.

என் தங்கை உங்களிடம் எதையும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டாள், நானே சொல்கிறேன். ஐந்து மாதமாகக் குரல் கம்முகிறது. காலையில் எழுந்தால் வாயெல்லாம் கசப்பு. ஆறு வருடத்துக்கு முன்னால் பித்தப்பையை எடுத்தார்களே, அதிலிருந்தே வயிறு சரியில்லை. அமிலம் மேலே ஏறுகிறது என்று சொல்லி மாத்திரையை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். பிறகு மூக்கு வழியாகக் குழாய் விட்டு அமிலத்தை அளந்தார்கள். அமிலமே இல்லையாம். வயிற்று டாக்டர் என் தோளில் கை வைத்து, "டெஸ்ட்ல ஒண்ணுமே இல்ல சார். கொஞ்சம் மனசை ரிலாக்ஸா வச்சுக்குங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். இருபத்திரண்டு வருடம் வானொலியில் காலை ஏழரை மணிச் செய்தி வாசித்தவனுக்கு மனசில் கோளாறாம்.

நிலைய இயக்குநர் ஏப்ரல் கடைசி வரை பொறுத்திருக்கிறார். அதற்குள் என்ன நோய், எப்போது தீரும் என்று ஒரு மருத்துவர் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் ஏழரை மணிச் செய்தி நிரந்தரமாகக் குயிலுக்குப் போய்விடும். குயில் என்பது நிலையத்தில் எல்லோரும் அந்தப் பெண்ணைக் கூப்பிடும் பெயர். முப்பது வயது. வெள்ளச் சேதத்தையும் விளையாட்டு முடிவையும் ஒரே சிரித்த குரலில் வாசிக்கிறது.

"அண்ணா, அவர் செய்ற மெஷினே இதுக்குத்தான். ஒரே ஒரு தடவை போட்டுத்தான் பாரேன்" என்று உங்கள் மனைவி மூன்று வாரமாக உயிரை வாங்குகிறாள். அவள் தொல்லை தாங்காமல் எழுதுகிறேன். உங்கள் டார்ச் லைட்டை என் தொண்டைக்குள் விட என்ன செய்ய வேண்டும்?

இப்படிக்கு,
அண்ணன் (உங்களுக்கு அல்ல, அவளுக்கு)


மார்ச் 8

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் குரல் இல்லாமல் உங்கள் வார்த்தைகளைப் படிப்பது புது அனுபவம். குரலை எடுத்துவிட்டால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

நான் லென்ஸ் துடைப்பவன் என்று என் கல்யாணத்தன்று பந்தியில் உட்கார்ந்து சொன்னீர்கள். சரி, துடைப்பவன் சொல்வதைக் கேளுங்கள். வயிற்றுக்குக் கீழே இருக்கவேண்டிய பித்தநீர் சிலருக்கு மேலே ஏறி உணவுக்குழாய் வரை வரும். பித்தப்பையை எடுத்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். இது அமிலம் இல்லை. அதனால் அமிலத்தை அளக்கும் குழாய்க்கு இது அகப்படாது. ஆனால் இதற்கு நிறம் உண்டு, மஞ்சள். மஞ்சள் எதுவாக இருந்தாலும் நீல வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

என் கருவி அதைத்தான் பார்க்கிறது. மெல்லிய கண்ணாடி இழைகளை ஒரு சரட்டுக்குள் வைத்து மூக்கு வழியாக விடுகிறோம். சரட்டின் நுனியில் ஓர் அரிசிகூட நுழையாத இடைவெளி. அதற்குள் நீல வெளிச்சமும் பச்சை வெளிச்சமும் மாறி மாறிப் போய்த் திரும்புகின்றன. பச்சை முழுசாகத் திரும்பி நீலம் மட்டும் குறைந்தால் அங்கே மஞ்சள் இருக்கிறது என்று அர்த்தம். இடுப்பில் கட்டிய பெட்டி ஒரு நாள் முழுக்க அதை எழுதிக்கொண்டே இருக்கும். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சோதனைக்காக ஒன்று கொடுத்திருக்கிறேன். அதை வாங்கலாமா வேண்டாமா என்று அவர்களுடைய குழு ஏப்ரல் 20-ஆம் தேதி முடிவு செய்கிறது. நான்கு வருட வேலை. அதனால்தான் உங்களையும் சகித்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. அன்று வெள்ளைச் சாப்பாடு மட்டும்தான். சோறு, பால், தயிர், தோல் உரித்த உருளைக்கிழங்கு, ரொட்டி, முட்டையின் வெள்ளை. டீ, காபி, மஞ்சள் தூள், கேரட், தக்காளி, பழச்சாறு எதுவும் கூடாது. முழுப் பட்டியல் கடிதத்தோடு இருக்கிறது. சாப்பிட்ட நேரம், படுத்த நேரம், எழுந்த நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். சர்க்கரை நோய் டாக்டரிடம் நீங்கள் சொல்லும் மாதிரியான சாப்பாட்டுக் கதைகள் இங்கே வேண்டாம்.

இப்படிக்கு,
லென்ஸ் துடைப்பவன்


மார்ச் 19

மாப்பிள்ளைக்கு,

முடிந்தது. பெட்டியை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டேன், உங்களுக்கு அனுப்புவார்களாம்.

குழாய் போடும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். "முழுங்குங்க சார், முழுங்குங்க, தண்ணிய முழுங்குங்க, அவ்ளோதான், அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே ஒரு முழம் சரட்டை மூக்குக்குள் தள்ளினார். எனக்குக் கண்ணில் தண்ணீர். பேச முடியாதவனிடம் "வலிக்குதா?" என்று வேறு கேட்கிறார். நோட்டை எடுத்து, 'ஆம், உங்கள் பேச்சு' என்று எழுதிக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உங்கள் கருவியோடு சம்பந்தப்பட்டவர்களில் புத்தியுள்ளவர் அவர் ஒருவர்தான்.

மூக்கில் பிளாஸ்டர், காது மேல் வயர், இடுப்பில் செங்கல் போல ஒரு பெட்டி. இந்த அலங்காரத்தோடு பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். எத்தனையோ வருடம் என் குரலைக் கேட்டுக்கொண்டே பல் தேய்த்த மனிதராக இருக்கலாம்.

உங்கள் வெள்ளைச் சாப்பாட்டை அப்படியே சாப்பிட்டேன். ஒரு பருக்கைகூட நிறம் மாறவில்லை. நாட்குறிப்பு இணைத்திருக்கிறேன், நிமிடக் கணக்கோடு. உங்களுக்கு வந்து சேரும் நாட்குறிப்புகளில் எழுத்துப் பிழை இல்லாத ஒன்று இதுவாகத்தான் இருக்கும்.

மற்ற நேரமெல்லாம் வீட்டில் ரேடியோ முன்னால்தான் இருந்தேன். ஒரு நாளைக்கு எட்டு செய்தி அறிக்கை. எட்டையும் கேட்டுக் குயில் செய்யும் தவறுகளைக் குறித்து வைக்கிறேன். சாப்பாட்டைக்கூட அறிக்கைகளுக்கு நடுவில்தான் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் முன்னாலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன், பழக்க தோஷம். நேற்று ஒரு நாளில் மட்டும் பதினேழு தவறு. இயக்குநருக்கு ஒரு பட்டியல் தயாராகிறது.

உங்கள் பெட்டி என்ன உளறுகிறது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்


மார்ச் 26

மச்சான் அவர்களுக்கு,

உங்களுக்கு மனசில் கோளாறு இல்லை. இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. என் சொந்தக் கருத்து வேறு. ஆனால் பெட்டி சொல்வதை நான் மாற்றுவதில்லை.

இருபத்து நாலு மணி நேரத்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் உங்கள் உணவுக்குழாயில் மஞ்சள் இருந்திருக்கிறது. நல்ல உடம்பில் அரை மணி நேரம்கூட இருக்காது. நான் சோதித்த நாற்பத்தொரு பேரில் நீங்கள்தான் முதலிடம். வாழ்க்கையில் ஒரு விஷயத்திலாவது முதலிடம் வந்திருக்கிறீர்கள், வாழ்த்துகள்.

அறிக்கையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். அறுவை டாக்டரிடம் போனில் பேசினேன். குடலை வெட்டி வேறு வழியாக இணைத்து, பித்தநீர் மேலே வராமல் திருப்பிவிடலாம் என்கிறார். பெரிய அறுவைதான், ஆனால் இந்த அளவுக்கு இருந்தால் செய்ய வேண்டியதுதான் என்றார்.

ஓர் அனுமதி வேண்டும். இருபதாம் தேதி அந்தக் குழுவுக்கு முன்னால் உங்கள் அறிக்கையைக் காட்ட விரும்புகிறேன். அமிலக் குழாய் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட நோயாளியை என் கருவி பிடித்தது என்று சொல்ல இதைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். பெயர் போட மாட்டேன். போட்டால் கருவிக்குத்தான் கெட்ட பெயர்.

உங்கள் தங்கை அழுதாள். சந்தோஷத்தில் என்கிறாள். "பாவம், அவனை எல்லாரும் நடிக்கிறான்னு சொன்னாங்களே" என்றாள். அந்த எல்லாரும் நான்தான் என்று அவளுக்கும் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 1

மாப்பிள்ளைக்கு,

தாராளமாகக் காட்டுங்கள். சுவரில் வேண்டுமானாலும் ஒட்டுங்கள்.

அறிக்கையை நகல் எடுத்து, தோளில் கை வைத்த அந்த வயிற்று டாக்டரின் மேஜையில் வைத்தேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓ, இப்படியும் வரும்..." என்று இழுத்தார். நான் நோட்டில், 'மனசை ரிலாக்ஸாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் காட்டிவிட்டு வந்தேன். ஐந்து மாதத்தில் முதன்முறையாகச் சோறு ருசித்தது.

அங்கிருந்து நேரே நிலையத்துக்குப் போனேன். இயக்குநர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். "நாங்கதான் தப்பா நினைச்சுட்டோம் சார். நீங்க ஆபரேஷன் முடிச்சுட்டு வாங்க. ஏழரை உங்களுக்குத்தான், எத்தனை மாசம் ஆனாலும்" என்றார். அந்த ஆள் எனக்கு எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை. தாழ்வாரத்தில் குயில் எதிரில் வந்து, "சீக்கிரம் வாங்க சார், நீங்க இல்லாம நல்லாவே இல்ல" என்றது. பொய்யைக்கூட அதே சிரித்த குரலில்தான் சொல்கிறது.

அறுவை பதினைந்தாம் தேதி. வயிற்றில் இங்கிருந்து இதுவரை என்று டாக்டர் விரலால் கோடு போட்டுக் காட்டினார். எனக்குப் பயமே வரவில்லை. நோய் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கத்திக்கு எதற்குப் பயப்பட வேண்டும்?

உங்கள் டார்ச் லைட்டைப் பற்றி நான் முன்பு சொன்னவற்றில் ஒன்றிரண்டைத் திரும்பப் பெறுகிறேன். உங்களைப் பற்றிச் சொன்னவை அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு,
முதலிடம் பெற்றவன்


ஏப்ரல் 5

மச்சான் அவர்களுக்கு,

இதை முழுசாகப் படித்துவிட்டுப் பிறகு கிழியுங்கள்.

நேற்று குழுவுக்குக் காட்ட உங்கள் ஒரு நாள் கோட்டை முழு நீளத்துக்கு அச்செடுத்தேன். சாப்பாட்டு மேஜையை நிறைத்து, ஓரத்தில் தொங்கியது. முன்பே செய்திருக்க வேண்டிய வேலை. நான் செய்யவில்லை. ஐந்து மணி நேரம் என்ற கூட்டுத்தொகையைப் பார்த்ததுமே குதித்தேன். கோட்டின் வடிவத்தைப் பார்க்கவில்லை. கருவி செய்தவன் நான், பார்க்காமல் விட்டதும் நான்தான்.

கோட்டில் எட்டு மேடுகள் இருக்கின்றன. எட்டும் ஒரே உயரம், ஒரே அகலம். சட்டென்று ஏறுகின்றன, முப்பத்தைந்து நிமிடத்தில் இறங்குகின்றன. முதல் மேடு பத்து ஐம்பத்தைந்துக்கு. அடுத்தது பன்னிரண்டு ஐம்பத்தைந்து. பிறகு மூன்று ஐம்பத்தைந்து, மாலை ஆறு இருபத்தைந்து, ஏழு ஐம்பத்தைந்து. மறுநாள் காலையில் ஐந்து ஐம்பத்தைந்து, ஏழு இருபத்தைந்து, எட்டு ஐம்பத்தைந்து. நீங்கள் படுத்திருந்த நேரம் முழுக்க கோடு தரையோடு தரையாகக் கிடக்கிறது. மேலே ஏறுகிற பித்தம் படுக்கும்போதுதான் அதிகம் ஏறும். அது கடிகாரம் பார்த்து ஏறாது.

ஏன் இப்படி என்று தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கை தட்டு வைக்க வந்தவள் காகிதத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். "இது அண்ணாவோட நியூஸ் டைம்தானே?" என்றாள். நான் நிமிர்ந்தேன். "நியூஸுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி மிட்டாய் போடுவானே, தொண்டை மிட்டாய், நாக்கையே மஞ்சளாக்குமே, அந்த டப்பா. காலேஜ்ல நாடகம் போட்ட காலத்துல இருந்து அந்த டப்பாதான். அது இல்லாம அவனுக்கு வாயே வராதே" என்றாள்.

மச்சான், பேசாமல் வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்ட அன்றும் அந்த மிட்டாயைப் போட்டீர்களா? ஆம் அல்லது இல்லை. உங்களிடமிருந்து எனக்கு ஒரு வார்த்தை போதும்.

கூடாதவை என்று நான் எழுதிய பட்டியலில் மிட்டாய் இல்லை. அதை எழுதாதது என் தப்பு. உலகத்தில் யாரும் வேலை செய்யாத நாளில் வேலைக்கான மிட்டாயைச் சப்ப மாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். உங்களை நான் குறைத்து மதிப்பிட்டது இந்த ஒரு தடவைதான்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 8

மாப்பிள்ளைக்கு,

மிட்டாய் சாப்பாடு இல்லை. நீங்கள் சாப்பிட்டதை எழுதச் சொன்னீர்கள், எழுதினேன். மூச்சு விட்டதை எழுதச் சொல்லவில்லை, எழுதவில்லை.

ஆம்.

எட்டு. டப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கை தானாகப் போகிறது, நான் போடுகிறேன் என்றே எனக்குத் தெரியாது. ஏழரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நாக்கில் அது இல்லாவிட்டால் எனக்கு அந்த நாளே தொடங்காது. வாசிக்கிறேனோ, சும்மா இருக்கிறேனோ, அது வேறு விஷயம்.

இப்போது புத்தியோடு பேசுவோம். இது யாருக்குத் தெரியும்? உங்களுக்கு, எனக்கு, அவளுக்கு. அவள் வாய் திறக்க மாட்டாள், அவள் என் தங்கை. இருபதாம் தேதி உங்கள் குழு. பதினைந்தாம் தேதி என் அறுவை. நீங்கள் அச்செடுத்த காகிதத்தை மடித்து உள்ளே வையுங்கள். கூட்டுத்தொகையை மட்டும் காட்டுங்கள், போன வாரம் வரை அதுதானே உங்களுக்குப் போதுமானதாக இருந்தது? உங்களுக்கு உங்கள் கருவி, எனக்கு என் ஏழரை. யாருக்கு என்ன நஷ்டம்? நடுவில் என் வயிற்றில் ஒரு தையல். என் வயிறுதானே, உங்களுக்கு அதன் மேல் என்ன திடீர்ப் பாசம்?

உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. கேட்டுவிடக் கூடாது என்று பதினாறு வருடம் ஜாக்கிரதையாக இருந்தவன். இப்போது கேட்கிறேன், சும்மா இருங்கள்.

அந்தக் காகிதம் இல்லையென்றால் நான் யார் என்று யோசித்தீர்களா? நோயும் இல்லாத, குரலும் இல்லாத ஓர் ஆள். தோளில் கை வைத்தவன் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். இயக்குநர் போட்ட நாற்காலியை எடுத்துவிடுவார். கத்தியைத் தாங்கிவிடுவேன் மாப்பிள்ளை, அதைத் தாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
அண்ணன்


ஏப்ரல் 11

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இரவே அறுவை டாக்டருக்கு ஈமெயிலில் எழுதிவிட்டேன். கோட்டின் நகலும் அனுப்பினேன், எட்டு மேட்டுக்கும் பக்கத்தில் நேரம் குறித்து. நேற்று போன் செய்தார். அறுவை ரத்து. குழுவுக்கும் எழுதிவிட்டேன், என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. பித்தத்துக்கும் மிட்டாய்க்கும் வித்தியாசம் தெரியாத கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

எப்படியும் திட்டுவீர்கள். அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சும்மா இருப்பதைப் பற்றி நான் யோசிக்காமல் இல்லை. ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பட்டறையில் யாரிடமும் பேசாமல் ஒரே கண்ணாடித் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடம், மச்சான். இழையை எப்படி வளைத்தாலும் ஒடிந்த காலம், நுனி இடைவெளியில் சோற்றுத் துணுக்கு மாட்டிக்கொண்டு கோடு கோணலாகப் போன காலம் எல்லாம் நினைவுக்கு வந்தது. காகிதத்தை மடித்து உள்ளே வைத்தால் போதும் என்று நீங்கள் எழுதியது சரிதான். அது அவ்வளவு சுலபம் என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

எனக்கு உங்களைப் பிடிக்காது. உங்கள் நடை, தொண்டையைச் செருமிவிட்டு எல்லோரும் கேட்கிறார்களா என்று பார்க்கும் பார்வை, எதுவும் பிடிக்காது. பிடித்திருந்தால் ஒருவேளை உங்கள் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்திருப்பேன். பிடிக்காத மனிதரை என் பொய்யின் மேல் படுக்க வைத்து அறுக்கவிட என்னால் முடியாது. அப்புறம் உங்களைக் கேவலமாக நினைக்க எனக்கு என்ன தகுதி இருக்கும்?

அந்த எட்டு மேடுகளுக்கு அடியில் உண்மையான பித்தம் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. மிட்டாய்ச் சாறு நுனியில் ஒட்டிக்கொண்டு மற்றதையெல்லாம் மறைத்திருக்கிறது. மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும், அந்த டப்பா இல்லாமல். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
லென்ஸ் துடைப்பவன்


ஏப்ரல் 21

மாப்பிள்ளைக்கு,

உங்களுக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் நல்ல வசவுகள் இருந்தன. அவற்றை நீங்கள் படிக்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

அறுவை ரத்தான செய்தி பதின்மூன்றாம் தேதி நிலையத்துக்குப் போய்விட்டது. பதினேழாம் தேதி இயக்குநர் கூப்பிட்டார். எழுந்து நிற்கவில்லை. "உடம்பைப் பாத்துக்குங்க சார்" என்றார். ஏழரை குயிலுக்கு. எனக்குச் செய்தி எழுதும் மேஜை. இனி நான் எழுதுவேன், அது வாசிக்கும். நான் எட்டு பக்கம் எழுதி வைத்திருந்த தவறுகளின் பட்டியல் இனி என் மேஜையிலேயே கிடக்கட்டும், கொடுக்க ஆளில்லை.

நேற்று ஆஸ்பத்திரிக்கு மருந்துச் சீட்டு வாங்கப் போனேன். குழாய் போடும் அம்மா பிடித்துக்கொண்டார். "உங்க மாப்பிள்ளை ஏன் சார் இப்படிப் பண்ணிட்டார்? மெஷின் நல்லாத்தானே இருக்கு. இப்ப உள்ள அவர் லெட்டரைப் படிச்சுட்டு, திருப்பி அனுப்பிடச் சொல்லப் போறாங்க" என்றார். அந்தக் கடிதத்தின் நகலை எனக்கும் காட்டினார். கருவிக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மிட்டாயைப் போட்டது யார், மறைத்தது யார் என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுக்கொண்டு எனக்குப் பிச்சை போட்டிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்கள் பிச்சையில் நான் வாழ வேண்டுமா?

நேரே குழு அறைக்குள் போனேன். நீள மேஜை, ஏழு பேர், தலைமையில் வயதான ஒரு பெண் டாக்டர். 'இரண்டு நிமிடம் வேண்டும்' என்று நோட்டில் எழுதி நீட்டினேன். பிறகு வாயைத் திறந்தேன். ஏழு வாரத்துக்குப் பிறகு. மிட்டாய் இல்லாமல்.

எட்டு நேரத்தையும் சொன்னேன். எட்டு தடவையும் நான் மிட்டாய் போட்டேன், எட்டையும் நாட்குறிப்பில் மறைத்தேன், எட்டையும் இந்தக் கருவி ஒரு நிமிடம் பிசகாமல் பிடித்துவிட்டது என்றேன். எந்த டாக்டரும், எந்த இயக்குநரும் என்னை இவ்வளவு சரியாகப் பிடித்ததில்லை, இதைத் திருப்பி அனுப்புவதென்றால் தாராளமாக அனுப்புங்கள், ஆனால் தப்பு செய்தது அது என்று எழுதி வைக்காதீர்கள் என்றேன். ஐந்தாவது நேரத்திலேயே குரல் உடைந்துவிட்டது. மீதியை ஓட்டைப் பானையில் கல் உருட்டுவது போலச் சொல்லி முடித்தேன்.

அந்தப் பெண் டாக்டர் குறிப்பெடுத்துக்கொண்டே, "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். செய்தி வாசித்தேன் என்றேன். "எந்த நேரத்துச் செய்தி?" என்றார். ஏழரை என்றேன். "அப்படியா? நான் தினமும் கேட்பேனே. இந்தப் பொண்ணுக்கு முன்னாடி வாசிச்சது வேற ஒருத்தர் குரலாச்சே" என்றார். கிண்டல் இல்லை, மாப்பிள்ளை. உண்மையாகவே வேறு ஒருவர் என்று நினைத்தார். நான் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன். என் ஏழரையைக் குயில் பிடுங்கவில்லை என்பது எனக்கு அந்த நாற்காலியில்தான் உறைத்தது. அது வருவதற்கு முன்பே அந்த இடம் காலியாகத்தான் இருந்திருக்கிறது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன், அவ்வளவு பேர் முன்னால் அதையும் செய்ய முடியாது.

முடிவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் மிட்டாயையும் மருந்தையும் சேர்த்துப் புதிதாக எழுதி அனுப்பச் சொல்லி உங்களுக்குக் கடிதம் வரும். எனக்கு நன்றி சொல்லி எழுதித் தொலைக்காதீர்கள், படிக்க மாட்டேன்.

நாளை காலை ஒன்பதரைக்கு எனக்கு மறுபடி குழாய் போடுகிறார்கள். நானாகத்தான் கேட்டேன். டப்பாவைக் குழாய் போடும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இந்த முறை எனக்குப் பயமாக இருக்கிறது. மஞ்சள் வந்தால் வயிற்றைக் கிழிப்பார்கள், அது பெரிதில்லை. ஒன்றுமே வராமல், கோடு முழுக்கத் தரையோடு கிடந்துவிட்டால் இந்தக் குரலை எங்கே கொண்டுபோய்க் காட்டுவேன்?

பெட்டி உங்களிடம்தான் வரும். கூட்டுத்தொகையைப் பார்க்காதீர்கள், கோட்டைப் பாருங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். என் மேல் இரக்கப்பட்டு ஒரு புள்ளியைக்கூட மஞ்சளாக்க வேண்டாம். அந்தக் காரியத்துக்கு உலகத்தில் நான் நம்பக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
அண்ணன்